சுற்றாத குமிழ்

...முப்பத்தெட்டா, இருக்கட்டுமே, சில பிலிம் சுருளில் ஒன்றிரண்டு கூடுதலாக வரும், தொழிற்சாலையில் வெட்டுகிறவன் கொஞ்சம் தாராள மனசுக்காரனாக இருந்தால் முப்பத்தொன்பதுகூட வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், யார் சொன்னது, யாரும் சொல்லவில்லை, யெர்லின் இப்போதுதான் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். பெட்டியில் முப்பத்தாறு படம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. கட்டைவிரலால் லீவரை இழுத்தாள், தடையே இல்லாமல் வந்தது, முப்பத்தொன்பது, சரி, தாராள மனசுக்காரன்தான். நாற்பது. இவ்வளவு தாராளம் கூடாதே... முன்னால் பேண்டு செட் தெருவையே அடைத்துக்கொண்டு போகிறது, சிமர்ரோனா என்றால் சும்மாவா, நாலு ஊதுகுழல், ஒரு ஜோடி தாளத்தட்டு, ஒரு பெரிய டிரம், சுருதி சேராத குறையைச் சத்தத்தால் சமாளிக்கிற கூட்டம். அதற்கும் முன்னால் காகிதக்கூழில் செய்த பெரிய பெரிய பொய்த்தலைகளை மாட்டிக்கொண்டு அரக்கியும் சாத்தானும் சாவும், ஊதிக் கட்டின பன்றி மூத்திரப்பையால் சின்னதுகளை விரட்டி விரட்டி அடிக்கிறார்கள், கோயில் திருவிழா ஞாயிறு, ஊரே சிரிக்கிறது, யெர்லினுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கேமராவின் இடது தோளில் இருக்கிற சின்னக் குமிழைப் பார்த்துக்கொண்டே லீவரை மறுபடி இழுத்தாள். குமிழ் அசையவில்லை.

அது சுற்ற வேண்டும். லீவரை இழுக்கும்போதெல்லாம் அந்தக் குமிழும் கூடவே சுற்றினால் உள்ளே பிலிம் ஓடுகிறது என்று அர்த்தம், சுற்றாவிட்டால் ஓடவில்லை என்று அர்த்தம், கல்லூரிப் படக்கலை வகுப்பில் முதல் வாரமே சொல்லித் தருகிற பாடம், அப்போது இவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து மேஜைக்கு அடியில் சீஸ் அடைத்துப் பொரித்த எம்பனாதா தின்றுகொண்டிருந்தாள், சூடான சீஸ் நாக்கைச் சுட்டது நினைவிருக்கிறது, ஆசிரியர் குமிழைத் தொட்டுக் காட்டியதும் நினைவிருக்கிறது, இரண்டும் சேர்ந்தே நினைவிருப்பதால்தான் இப்போது நாக்கு எரிகிற மாதிரி இருக்கிறதோ என்னவோ. காலையில் வேட்டுப் போட ஆரம்பித்துவிட்டார்கள், பிந்திவிட்டோம் என்ற பதற்றத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டே சுருளை மாட்டினாள், ஒரு கை கம்பியில், ஒரு கை கேமராவில், மூடியைப் பல்லால் கடித்து... வளைவில் டிரைவர் ஒரு வெட்டு வெட்டியபோது பிலிமின் நுனி அதைச் சுற்றி இழுக்கிற உருளையின் பிளவில் இருந்து நழுவியிருக்கும், இவள் மூடியைச் சாத்தி, அப்பாடா என்று பெருமூச்சும் விட்டாள். அதிலிருந்து இதுவரைக்கும் இவள் உட்கார்ந்தும் படுத்தும் மரத்தில் தொற்றியும் எடுத்த அத்தனையும் வெறும் சத்தம்தான். பிலிம் தன் டப்பாவுக்குள் சுருண்டு கும்பகர்ணத் தூக்கம் தூங்கிக்கொண்டிருக்கிறது. திறந்து பார்க்கலாமா, பார்த்தால் மட்டும் என்ன, பிணத்தைத் தட்டி எழுப்பப் போகிறாளா.

அத்தி மரத்தடியில் சாரணர் உறுதிமொழி முடிந்து இன்னும் வியர்வைகூடக் காயவில்லை. குருளையர் என்கிற சின்னச் சாரணப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர், பெரியவர்களில் பேண்டில் டிரம் அடிக்கிற கிரெய்வின் ஒருவன், கொடியின் ஓரத்தை இடது கையில் பிடித்து, வலது கையில் மூன்று விரலை உயர்த்தி, என் மானத்தின் மேல் என்று ஆரம்பிக்கிற அந்த நாலு வரி, கழுத்தில் புது ஸ்கார்ஃப், கண்ணீர் விடுகிற அம்மாக்கள், குரல் உடைந்துபோன ஒரு பொடியன்... எல்லாவற்றையும் இவள்தான் எடுத்தாள், இவள் மட்டும்தான் எடுத்தாள். இந்த 'மட்டும்' என்ற சொல்லில்தான் சனியன் உட்கார்ந்திருக்கிறது. வினை வேறு எங்கேயும் இல்லை, போன மாதக் கூட்டத்தில் இவள் வாயில்தான் ஆரம்பித்தது. எல்லோரும் போனைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள், பிள்ளை உங்களைத் தேடுகிறது, உங்கள் முகம் இருக்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தகடுதான் அதற்குத் தெரிகிறது, இந்த ஒரு தடவையாவது கண்ணால் பாருங்கள், படத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், அசல் பிலிம், கறுப்பு வெள்ளை, ஆளுக்கொரு பிரதி... என்ன பேச்சு, என்ன நிறுத்தம், நடுவில் தண்ணீர்கூடக் குடித்தாள். கைதட்டினார்கள். சாரணக் குழுவுக்குத் தலைவி தோன்யா சாய்தா, காபிச் சங்கத்தில் மூட்டை நிறுக்கிற இடத்தில் வேலை, நாய்க்குக்கூட 'நீங்க' போட்டுப் பேசுகிறவர், அவரே எழுந்து, பொண்ணு சொல்றது ஞாயம்தான், அன்னிக்கு எல்லாரும் போனைப் பையிலயே வெச்சிருங்க, சாரணர் வார்த்தை என்று சொல்லி மூன்று விரலை உயர்த்த, கூட்டமே உயர்த்தியது. ஊருக்கு உபதேசம் பண்ணின வாயை இப்போது எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது.

மறுபடி ஒரு தடவை நடத்தச் சொன்னால்... நடக்கவே நடக்காது. இந்தக் குழுவில் உறுதிமொழி ஒரே தடவைதான், ஞானஸ்நானம் மாதிரி என்பார் தோன்யா சாய்தா. ஒரு வருஷம் கொடி தலைகீழாகக் கட்டியிருந்ததைப் பாதியில் கவனித்தும், ஆரம்பிச்சது ஆரம்பிச்சதுதான் என்று முடித்துவிட்டுத்தான் கொடியைத் திருப்பினார். குருளையரின் அம்மாக்களைக்கூடச் சமாளித்துவிடலாம், வீட்டுக்கு வீடு போய்ப் பிள்ளையை மடியில் வைத்து வேறு படம் எடுத்துத் தரலாம், காலில் விழலாம், கிறிஸ்துமஸ் வரைக்கும் சும்மா எடுத்துத் தரலாம். கிரெய்வினின் அம்மாவை என்ன செய்ய. அவள் நியூஜெர்சியில் இருக்கிறாள், இந்தப் பள்ளத்தாக்கில் பாதி வீட்டுக்கு ஒருத்தர் அங்கேதான், போனவள் போனவள்தான், வந்தால் திரும்பப் போக முடியாது, அதனால் வருவதில்லை, மகன் மீசை முளைத்ததையே போனில்தான் பார்த்தாள். அவள்தான் கேட்டாள், போனில் வருவதெல்லாம் மேலே மேலே ஏறிக் காணாமல் போய்விடுகிறது, கையில் பிடிக்கிற மாதிரி பேப்பரில் ஒன்று வேண்டும் என்று. சட்டம்கூட வாங்கி மாட்டிவிட்டாள். மாட்டின சுவரைப் படம் எடுத்து மகனுக்கு அனுப்பினாள், கடையில் வைத்து விற்கும்போது உள்ளே இருந்த படத்தோடு, யாரோ ஒரு வெள்ளைக்காரப் புருஷனும் பெண்டாட்டியும் பல்லைக் காட்டிக்கொண்டு. கிரெய்வின் அதை இவளிடம் காட்டி, இந்த ரெண்டு பேரையும் சீக்கிரம் காலி பண்ண வைக்கணும் மச்சி, உன் கையிலதான் இருக்கு என்றான். உன் கையில்தான் இருக்கிறது. கையில் இருக்கிற லட்சணத்தைப் பார்.

யாரோ கேமராவைப் பார்த்துக் கையசைத்தார்கள், தன்னையறியாமல் சிரித்துக்கொண்டே அமுக்கினாள், க்ளிக், நாற்பத்தொன்று, இன்னும் எதற்காக எடுக்கிறாய் பைத்தியமே, நிறுத்தினால் கேட்பார்களே, ஏன் நிறுத்திட்டீங்க என்று... அதனால் எடுக்கிறாள், மண்டியிட்டு, தலையைச் சாய்த்து, வெளிச்சம் சரியில்லை என்று ஒரு பாட்டியைக் கொஞ்சம் நகரச் சொல்லிக்கூட எடுத்தாள், பாவம் அந்த அம்மாள் தலையைக் கோதிக்கொண்டு வேறு நின்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எவ்வளவு வேலை. ஹெனெரால் ஆற்றுப் பாலத்தில் போகும்போது கேமரா கை தவறி விழுந்துவிட்டால் என்ன, ஆனால் அது கல்லூரிக் கேமரா, கையெழுத்துப் போட்டு வாங்கியது, ஆற்றில் இவளும் சேர்ந்து குதிக்க வேண்டியிருக்கும். பிலிம் கழுவுகிற இடத்தில் கெட்டுப்போய்விட்டது என்று சொன்னால், கழுவப்போவது இவளேதான், கல்லூரி இருட்டறையில், அது எல்லோருக்கும் தெரியும், அதையும் பெருமையாகக் கூட்டத்தில் சொல்லித் தொலைத்தாள். சாரணர் சட்டத்தில் முதல் சட்டம் என்ன யெர்லின், சாரணரின் சொல்லை நம்பலாம், ஏழு வயசில் இவளும் அத்தி மரத்தடியில் சொன்னாள்தான், அப்போது ஒரு பல் விழுந்திருந்தது, காற்றோடு சொன்னாள்... நினைத்துக்கொண்டே இருக்கும்போது பின்னந்தொடையில் பளார் என்று ஒரு அறை. திரும்பினால் சாவு நிற்கிறது, பன்றிப் பையை ஆட்டிக்கொண்டு, பொய்த்தலையின் வாய்க்குள் பேக்கரிக்காரனின் நிஜப் பல் தெரிகிறது, நியாயமாகப் பார்த்தால் இன்னும் இரண்டு போட்டிருக்கலாம்.

சொல்லிவிட வேண்டியதுதான். முதலில் அவனிடம். பேண்டு செட்டுக்குள் புகுந்து கிரெய்வினுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தாள், அவன் வயிற்றில் பெரிய டிரம், பேண்டுச் சட்டைக்கு மேல் காலையில் கட்டின ஸ்கார்ஃப், உறுதிமொழிக்காக டிரம்மைக் கோயில் படியில் இறக்கி வைத்து ஓடிவந்து, முடிந்ததும் மறுபடி மாட்டிக்கொண்டு ஓடினவன், நெற்றியெல்லாம் வியர்வை, முகமெல்லாம் சிரிப்பு, இந்த முகத்தில் போய் எப்படி... பாட்டு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது, மெதுவாகப் போகும்போது சொல்லலாம், ஆனால் சொல்லவில்லை. டிரம்பெட்காரர் கையைத் தூக்கி அடுத்த பாட்டுக்கு மாறி, தாளத்தட்டு ஜோடி ஒன்றையொன்று கொலை செய்யக் கிளம்பி, தெருவில் பக்கத்திலிருப்பவர் தும்மினால்கூடக் கேட்காத நிலை வந்ததும்தான் இவள் வாய் திறந்தது. "கிரெய்வின், பிலிம் சுத்தவே இல்ல" என்றாள். அவன் தலையாட்டினான். பாரேன், தலையாட்டுகிறான், கோபமே இல்லை, எவ்வளவு பெரிய மனசு என்று இரண்டு வீடு தாண்டுகிற வரைக்கும் மனசு பஞ்சாகப் பறந்தது. அப்புறம்தான் கவனித்தாள், அவன் அரக்கிக்கும் தலையாட்டுகிறான், மின்கம்பத்துக்கும் தலையாட்டுகிறான், அது தாளத்துக்கு ஆடுகிற தலை. இது ஒப்புதலா யெர்லின், சத்தம் அடங்கியபோது வாயை மூடிக்கொண்டு சத்தம் வந்ததும் திறந்தாயே, யாரிடம் நடிக்கிறாய்... சரி, இன்னொரு தடவை, சத்தமாக. சொன்னாள். தலையாட்டினான். கண்ணில் தண்ணீர் முட்டியது, கோபமா அழுகையா என்று பிரிக்க முடியாத தண்ணீர், அவன் காதுக்குப் பக்கத்தில் போய், தொண்டை கிழிய, அத்தனை வருஷத்துச் சாரண முகாமில் கூவிக் கூவி வளர்ந்த குரலை முழுசாகத் திறந்து, "ஒரு படம்கூட இல்லடா, காலைல இருந்து நான் எடுத்தது எல்லாம் வெறும் கேமரா, உங்கம்மாவுக்கு அனுப்ப ஒன்னுகூட இல்ல" என்று அவள் கத்தவும் டிரம்பெட்காரர் கையை இறக்கிப் பாட்டை நிறுத்தவும் சரியாக இருந்தது.

சிமர்ரோனா நின்றால் இப்படித்தான், மெல்ல அடங்குவதெல்லாம் கிடையாது, கதவைச் சாத்தின மாதிரி நிற்கும். இவள் குரல் மட்டும் தெருக்கோடி வரைக்கும் தனியாகப் போய்த் திரும்பி வந்தது. சாத்தான் பொய்த்தலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அம்மாக்கள் பார்த்தார்கள், குருளையர் பார்த்தார்கள், கடை வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து பார்த்தது. ஓடிவிடலாமா என்று கால் நினைத்தது, தலை வேண்டாம் என்றது, இரண்டும் சண்டை போட்டதில் நின்ற இடத்திலேயே நின்றாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு தோன்யா சாய்தா வந்தார், சாரணத் தொப்பி, முழங்கால் வரை கால்சட்டை, விசில். கேமராவைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். "உங்களைக் கழுதைன்னு சொல்ல மாட்டேன் மகளே. கழுதைக்கும் எனக்கும் ஒரு பகையும் இல்ல." சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டார், இரண்டு பக்கமும் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார். தொப்பிக்குள் போன் இருந்தது.

அவசரத்துக்கு வைத்திருந்தாராம். கை பட்டுத் தானாக எடுத்துக்கொண்டதாம், தானாகவே முப்பது நாற்பது. அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது, ஒருத்தி குழந்தையின் துணிப்பையில் இருந்து எடுத்தாள், ஒருவர் மாலைக்கு அடியில் இருந்து, குரல் உடைந்த பொடியனின் அப்பா காலுறைக்குள்ளிருந்து, யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை, பேண்டின் தாளத்தட்டுக்காரர்கூட ஒன்று வைத்திருந்தார், அவருக்கு அங்கே பிள்ளையே கிடையாது. மானத்தின் மேல் சத்தியம் பண்ணின கூட்டம். யெர்லினுக்கு முதலில் உயிர் வந்தது, அப்பாடா, பிழைத்தோம். உயிர் வந்து ஒரு நிமிஷம் ஆகவில்லை, கோபம் வந்தது, அப்படியென்றால் இவளை ஒருத்தர்கூட நம்பவில்லையா, கைதட்டினது எதற்கு, தண்ணீர் குடித்துக் குடித்துப் பேசினது எதற்கு... நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உள்ளேயே ஒரு குரல் கேட்டது, நல்ல கேள்விதான், அதற்குப் பதில் சொல்லாமல் கோபத்தை மட்டும் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டாள், அது ஆறுதலாக இருந்தது.

கடை வாசல் நிழலில் எல்லோரும் குனிந்து அவரவர் பிள்ளையைத் தேடி எடுத்துக்கொண்டார்கள், இதோ எங்க வீட்டுப் பையன், இதோ எங்க பாப்பா அழுவுது பாருங்க... கிரெய்வின் டிரம்மின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு காத்திருந்தான். அவன் படம் எங்கே என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை, யெர்லின்தான் ஒவ்வொரு போனாக வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். இருக்கிறான், இல்லாமல் இல்லை, ஒரு குருளையின் தொப்பிக்குப் பின்னால் அவன் காது, கொடிக்கு ஓரமாக ஒரு முழங்கை, அவரவர் அவரவர் பிள்ளையைத்தானே எடுப்பார்கள், இவனை எடுக்க வேண்டியவள் நியூஜெர்சியில் இருக்கிறாள். அவன் உறுதிமொழி சொன்ன நேரத்துக்கு வந்தாள். தோன்யா சாய்தாவின் போனில் அது இருந்தது, நாலைந்து படம் இருந்தது, நல்ல வெளிச்சம், நல்ல இடம், நட்டநடுவில் ஒரு முதுகு. இவள் முதுகு. அடுத்த படத்திலும் முதுகு, அதற்கடுத்ததில் கால் அகட்டின முதுகு, இந்த ஒரு படம் தப்பக் கூடாது என்று அவன் மூக்குக்கு நேராகப் போய் நின்று, நகராமல், குமிழ் சுற்றாத கேமராவை வைத்துக்கொண்டு... வேறு போனில் பார்த்தாள், அங்கேயும் அதே முதுகு, வேறு பக்கத்திலிருந்து. படம் எடுக்காமல் போனதோடு விட்டாளா, மற்றவர்கள் எடுத்ததையும் மறைத்துவிட்டாள். போனை அவனிடம் நீட்டினாள்.

கிரெய்வின் பார்த்தான், வெகுநேரம் பார்த்தான், அப்புறம் அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது, ஐயோ அழுகிறான் என்று இவள் பதற, அவன் சிரித்துக்கொண்டிருந்தான். ஒரு படத்தில் இவள் தலைக்கு மேலே மூன்று விரல் தெரிந்தது, உயர்த்தின அவன் கைதான், இவள் மண்டையில் இருந்து முளைத்த மாதிரி. "மச்சி, உனக்குக் கொம்பு முளைச்சிருக்கு, அதுவும் மூனு" என்றான். அதையே தன் போனுக்கு வாங்கி, இவள் கையை நீட்டித் தடுப்பதற்குள் அம்மாவுக்கு அனுப்பிவிட்டான். அனுப்பிவிட்டுச் சிரிப்பு நின்றுவிட்டது, திரையையே பார்த்துக்கொண்டு நின்றான், இவளும் பார்த்தாள். அம்மாவின் குரல் பதிவு வந்தது, அவன் சத்தத்தைக் குறைப்பதற்குள் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. "நடு விரல் கோணலா இருக்கே, மாமரத்துல இருந்து விழுந்து ஒடிச்சுக்கிட்டியே, அந்த விரல். உன் கைதான் ராசா, எனக்குத் தெரியாதா." மூக்கை உறிஞ்சின சத்தம். "இதையே பேப்பர்ல போட்டு அனுப்பு. அது சரி, முன்னாடி முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குதே, அந்தப் பொண்ணு யாரு?"

அம்மாக்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வேறு எங்கேயோ பார்க்க ஆரம்பித்தார்கள். தோன்யா சாய்தா விசிலைத் துடைத்தார். கிரெய்வின் போனை மார்போடு சேர்த்துப் பிடித்து எழுதினான், நிறுத்தினான், அழித்தான், மறுபடி எழுதினான், காது சிவந்திருந்தது, வெயில்தான், வெயிலாகத்தான் இருக்கும். யெர்லின் சாத்தானின் பொய்த்தலையை, அதன் காகிதக் காதை, காதில் உரிந்திருந்த வர்ணத்தை அக்கறையாகப் பார்த்தாள். டிரம்பெட்காரர் பொறுமை இழந்து, சாப்பாடு ஆறிடும் தம்பி என்றார், சமூகக் கூடத்தில் கோழிச் சோறு காத்திருக்கிறது. அவன் சட்டென்று எதையோ தட்டி அனுப்பிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டு டிரம்மைத் தூக்கிக்கொண்டான். என்ன போட்டே என்று கேட்க வாயெடுத்தாள், அதற்குள் முதல் அடி விழுந்துவிட்டது, தெரு மறுபடி நகர்ந்தது. நீளமாக ஒன்றுமில்லை, விரல் நாலைந்து தடவைதான் அசைந்தது, ஒரே ஒரு சொல்லாக இருக்கும், தோழி என்றா, எங்க குழுவில இருக்கிறவ என்றா, படம் எடுக்கிறவ என்றா... படம் எடுக்கிறவ என்று மட்டும் போட்டிருக்கக் கூடாது என்று நினைத்தாள், ஏன் கூடாது, இன்றைக்கு இவள் ஒரு படமும் எடுக்கவில்லை, அதனாலா, அதனால்தான், வேறு என்ன... அப்படியானால் என்ன போட்டிருந்தால் சரி என்று நினைக்கிறாய் யெர்லின் என்று உள்ளே இருந்து கேட்டது, அவள் டிரம்முக்குப் பக்கத்திலேயே நடந்தாள், இவ்வளவு சத்தத்திலும் அந்தக் கேள்வி மட்டும் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது.